கேட்டதற்கு மேல் சொல்லாதே, கதிர்

கதிர்,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் வேறு யாரோ ஒருவர் இதைப் பிரித்திருப்பார். அமெரிக்காவில் உன்னை அடைத்து வைத்திருக்கும் தடுப்பு முகாமுக்கு வருகிற கடிதங்களையெல்லாம் பிரித்துப் பார்ப்பார்களாம். தமிழில் இருப்பதால் தாமதமாகலாம், வராமலே போகலாம். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். உனக்கு வந்து சேராவிட்டாலும், உன்னைப் போல ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டு ஆழ்வார்பேட்டையிலோ அடையாறிலோ நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு அம்மா படிக்கட்டும். பிரித்துப் பார்ப்பவருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் என் மகனின் வழக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒரு வரியும் இல்லை. தேட வேண்டாம்.

உன் முதல் அழைப்பு வந்தபோது நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு பதிவுக் குரல், இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்றது. விளம்பரம் என்று நினைத்து வைக்கப் போனேன். அப்புறம் உன் குரல். "அம்மா, பயப்படாதே. என்னைப் பிடிச்சு வெச்சிருக்காங்க." வேலை போய், அடுத்த வேலைக்கான விசா காகிதங்கள் நடுவழியில் நின்றிருந்த சமயம் அது. காரின் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் உன்னை ஓரம் கட்டியது. அங்கிருந்து குடியேற்றத் துறைக்காரர்கள் கூட்டிப்போய்விட்டார்கள். ஒரு பின்விளக்கு. நம் தெருவில் அப்படி ஒரு விளக்கோடுதான் பாதி ஆட்டோக்கள் ஓடுகின்றன.

"நான் எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா. ஆபீசர் கேக்காததையும் சேர்த்துச் சொன்னேன். உண்மையா இருந்தா விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்" என்றாய். பிறகு, "ஒரு பேப்பர் நீட்டறாங்க. கையெழுத்துப் போட்டா சீக்கிரம் ஊருக்கு அனுப்பிடுவாங்களாம். இல்லேன்னா எத்தனை மாசம் உள்ள இருக்கணும்னு தெரியாதாம்."

"என்ன பேப்பர்டா?"

"முழுசாப் படிக்க விடலம்மா."

அதற்கு நான் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "எதுத்துப் பேசாதே கண்ணா. போட்டுட்டு வந்துரு." லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து அழைப்பே இல்லை. உன்னை வேறொரு மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்பதோ, மாற்றுவதை யாருக்கும் சொல்ல மாட்டார்கள் என்பதோ அப்போது எங்களுக்குத் தெரியாது. நீ கையெழுத்துப் போட்டாயா இல்லையா என்பதும் தெரியாது. உன் அறைத் தோழனைக் கேட்டால் அவன் பேசவே பயந்தான். அவனும் அதே மாதிரி விசாவில் இருப்பவன்தானே. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேட்காததை ஏன் சொன்னாய் என்று உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் உன்னை அப்படித்தான் வளர்த்தோம். உன் பாஸ்போர்ட்டுக்காக மயிலாப்பூர் வீட்டுக்கு விசாரணைக்கு வந்த காவலரை நினைவிருக்கிறதா? அப்பா அவரை உட்கார வைத்து, காபி கொடுத்து, பீரோவில் இருந்த ஃபைல் முழுவதையும் மேசையில் பரப்பினார். பிறந்த சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண், கராத்தே சான்றிதழ். அவர் சிரித்தார். "சார், நான் கேட்டது ரேஷன் கார்டு. நீங்க இன்னா, ஜாதகத்தத் தவுர எல்லாத்தையும் வெச்சுக்கினு கீறீங்க?" அப்பா, "அதுவும் இருக்கு சார், எடுக்கட்டுமா?" என்றார். நாம் மூவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால் அன்று அப்பா, யாரும் கேட்காமலே, நீ நடுவில் கோயம்புத்தூர் விடுதியில் இருந்ததையும் சொன்னார். காவலர் பேனாவை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். அங்கேயும் விசாரிக்க வேண்டும் என்று உன் பாஸ்போர்ட் இழுத்தது இழுத்ததுதான். நாங்கள் என்ன சொன்னோம்? "உண்மையைத்தானே சொன்னோம்" என்றோம். நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அதிகாரி வந்தால் எல்லாவற்றையும் திறந்து காட்டிவிட்டால், இவர்கள் நல்லவர்கள் என்று தெரிந்துகொண்டு போய்விடுவார் என்ற நம்பிக்கை. எதிரே இருப்பவர் நாம் நல்லவர்களா என்று பார்க்க வரவில்லை, எழுதிக்கொள்ள வந்திருக்கிறார் என்பது நமக்கு உறைப்பதே இல்லை.

இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. நாம் சட்டப்படி போகிறவர்கள், நமக்கு எதுவும் ஆகாது என்பது. கைகால்களில் சங்கிலி போட்டு விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் படங்கள் நம் குடும்ப வாட்ஸாப் குழுவில் வந்தபோது, உன் பெரியப்பா, "ஒழுங்கா விசா எடுத்துப் போயிருந்தா இந்தக் கதி வருமா?" என்று எழுதினார். பலர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை, அவ்வளவுதான். எதிர்த்துக் கேட்கவும் இல்லை. ஒழுங்காக விசா எடுத்துப் போனவன் நீ. கட்டணம் கட்டி, வரிசையில் நின்று, கைரேகை வைத்து, பல்கலைக்கழகம் கேட்ட ஒவ்வொரு காகிதத்தையும் கொடுத்துப் போனவன். வேலை போன மறுநாளிலிருந்து ஒரு மனிதனின் நிலைமை எப்படி மாறுகிறது என்பதை அந்தக் கட்டைவிரல்களில் ஒன்றாவது யோசித்ததா? படத்தில் சங்கிலியோடு இருந்தவனின் அம்மாவும் எங்கோ ஒரு வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

உன் செய்தி கேட்டதும் பெரியப்பா தியாகராய நகர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். அதை நான் மறக்கவில்லை. ஆனால் வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "இதை யார்ட்டயாவது சொன்னியா?" என்பதுதான்.

"இன்னும் இல்ல அத்தான். யார்ட்டயாவது கேட்டாத்தான வக்கீல் கிடைப்பாங்க."

"எம் பொண்ணு வித்யா கல்யாணம் முடியட்டும்மா. மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா, பையன் என்ன தப்புப் பண்ணினான்னு ஆரம்பிப்பாங்க. அவனுக்கு லீவு கிடைக்கலன்னு சொல்லிக்கிடுவோம். கொஞ்ச நாள்தான."

கொஞ்ச நாள். நீ எங்கே இருக்கிறாய் என்றே தெரியாத நாட்கள். அப்பா தலையை ஆட்டினார். அண்ணன் சொன்னால் அவர் ஆட்டாமல் இருந்ததில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லிக் கொடுத்த நாங்கள், சொந்த மனிதர்களிடம் ஒன்றையும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தோம். எங்கே வாயைத் திறக்க வேண்டும், எங்கே மூட வேண்டும் என்பதை நாம் சரியாகத் தலைகீழாகப் படித்து வைத்திருக்கிறோம், கதிர்.

கல்யாணம் தியாகராய நகர் மண்டபத்தில். நான் பட்டுப் புடவை கட்டி, பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். வந்தவர்கள் ஒவ்வொருவரும் உன்னைத்தான் கேட்டார்கள். அக்கா கல்யாணத்துக்கு ஒரே தம்பி வராமல் இருந்தால் கேட்கத்தானே செய்வார்கள். "லீவு கிடைக்கல." "லீவு கிடைக்கல." சொல்லச் சொல்ல வாய் கசந்தது. பந்தியில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர், பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "அமெரிக்கா போனதும் பயலுக்கு அம்மா அப்பாவே மறந்திருக்கும். அக்கா எங்க ஞாபகத்துல இருப்பா? அங்க ஒருத்தியப் பாத்து வெச்சிருப்பான், விசாரிங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார்.

"என் பையன் அங்க தடுப்பு முகாம்ல இருக்கான்" என்றேன். "விசா பிரச்சினை. பிடிச்சு அடைச்சு வெச்சிருக்காங்க. எந்த ஊர்லன்னுகூட எங்களுக்குத் தெரியல. அவன் ஒரு தப்பும் பண்ணல. அவனுக்கு வக்கீல் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க, பாயசம் அப்புறம் சாப்பிடலாம்."

நான் கத்தவில்லை. ஆனால் அந்த வரிசை முழுவதும் அப்படியே நின்றுபோனது. அப்பளம் பரிமாற வந்தவர் திரும்பிப் போனார். பெரியப்பா இலையைப் பார்த்தார். உன் பெரியம்மா என் முழங்கையைப் பிடித்து, "இங்க வந்தா இதப் பேசணும்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "வேற எங்கக்கா பேச விட்டீங்க?" என்றேன்.

கை கழுவும் இடத்துக்கு மாப்பிள்ளையின் சித்தி என் பின்னாலேயே வந்தாள். நிச்சயதார்த்தத்தில் இவளுடைய மகனைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். வெளிநாட்டுச் சம்பளத்தை உதறிவிட்டு, ஊரிலேயே தொழில் தொடங்க வந்தவன் என்று பெரியப்பா தோளில் தட்டிய அந்தப் பையன். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினாள்.

"உங்க பையன் எதுலயாவது கையெழுத்துப் போட்டானா?"

"தெரியலைங்க. நான்தான் போடச் சொன்னேன்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "எங்க பையன் போட்டான். நாங்களும் போடத்தான் சொன்னோம். தொழில் தொடங்க வந்துட்டான்னு வெளிய சொல்லிக்கிட்டிருக்கோம். இன்னும் பல வருஷத்துக்கு அங்க கால் வைக்க முடியாது. மருமக அங்க வேலைல இருக்கா. பேத்திய நாங்க ஃபோன்லதான் பாக்கறோம். என்ன பேப்பர்னு படிச்சிருந்தா நீதிபதியப் பாத்திருக்கலாமாம், ஜாமீன் கேட்டிருக்கலாமாம். எல்லாம் வந்தப்புறம்தான் தெரியும்."

"ஏங்க யார்ட்டயும் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?" என்றாள். அதில் குத்தல் இல்லை. குழாயை மூடிவிட்டு, கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து அமெரிக்காவில் இருக்கும் ஒரு வழக்கறிஞரின் நம்பரைத் தந்தாள். அவரே தமிழ் பேசுவார், எங்களுக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது என்றாள்.

எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை. அந்தக் குடும்பம் ஒன்றைக் கற்றுக்கொண்டு, அதை அவமானம் என்று மடித்து வைத்துவிட்டது. அடுத்த குடும்பம் முதலிலிருந்து தடுக்கி விழ வேண்டும். அதற்கடுத்த குடும்பமும். நகைக் கடையில் செய்கூலி எங்கே குறைவு என்பதை நாலு பேரிடம் சொல்லத் தெரிந்த நமக்கு, பிள்ளை சிறைப்பட்டால் என்ன செய்வது என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை. அங்கே அடைத்து வைக்கிறவர்களுக்கு நம்முடைய இந்த வாய்ப்பூட்டு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பார்.

அந்த வழக்கறிஞர்தான் உன் பெயரையும் பிறந்த நாட்டையும் வைத்து நீ இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் நீ பேசினாய். நான் முதலில் கேட்டது, "போட்டுட்டியா?" என்றுதான்.

"போடலம்மா."

"நான் போடச் சொன்னேனேடா."

"பேனாவைக் கையில எடுத்துட்டேன். சீக்கிரம், சீக்கிரம்னு அந்த ஆபீசர் மேசையத் தட்டினார். எனக்கு நல்லது செய்யறதுக்கு இவருக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்னு தோணிச்சு. வெச்சுட்டேன்."

என் பேச்சைக் கேட்காமல் இருந்ததற்காக உன்னை நான் பாராட்டுவது இதுதான் முதல் தடவை. இனி நான் சொல்வதைக் கேள். ஏனென்றால் இது என் பழைய புத்தி இல்லை, வழக்கறிஞரிடமும் அந்தச் சித்தியிடமும் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டது.

பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. எங்கே பிறந்தாய், எப்படி வந்தாய், எங்கே வேலை பார்த்தாய் என்று யார் கேட்டாலும், "என் வழக்கறிஞரிடம் பேசிய பிறகு சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல். பொய் மட்டும் சொல்லாதே. பொய் உன்னைக் கவிழ்த்துவிடும், மௌனம் கவிழ்க்காது. போலிக் காகிதம் எதையும் தொடாதே. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு, ஆனால் அரசாங்கம் அவருக்குச் செலவழிக்காதாம். அடைக்க மட்டும் அவர்களிடம் செலவுக்கு இருக்கிறது. இலவசமாக வாதாடும் அமைப்புகளின் பட்டியலைக் கேட்டால் தர வேண்டும். உன் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வழக்கறிஞர் இல்லை என்றாயே, அவரைக் கேட்கச் சொல். இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள் என்று நீ கேட்டால் அவர்கள் மறுக்க முடியாது. பிணை எல்லோருக்கும் கிடைக்காது, ஆனால் கேட்டால்தான் நீதிபதி யோசிப்பார். படித்துப் புரிந்துகொள்ளாத எதிலும், உன் வழக்கறிஞர் பார்க்காத எதிலும், கையெழுத்துப் போடாதே. விசாரணையின்போது உனக்கு ஆங்கிலம் தெரியும் என்ற பெருமையெல்லாம் வேண்டாம். நீதிமன்றத்தின் ஆங்கிலம் வேறு. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் நிறுத்திக் கேள், வேண்டுமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேள். தர வேண்டியது அவர்கள் கடமை. உன்னை மறுபடி இடம் மாற்றினால், ஃபோன் கிடைத்த முதல் நிமிடமே வழக்கறிஞருக்குச் சொல். அப்புறம் எனக்கு.

அங்கே உன்னோடு இருப்பவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். சேர்ந்து சாப்பிடு, சீட்டு விளையாடு, அவர்கள் பிள்ளைகளின் படத்தைப் பார். வழக்கை மட்டும் பேசாதே. தள்ளுமுள்ளு நடந்தால் சுவரோடு ஒதுங்கி நில். அடுத்தவர் ஃபோன் கணக்கில் நீ பேச வேண்டாம், யாருக்காகவும் எதையும் வாங்கி மறைத்து வைக்க வேண்டாம். நம் ஃபோன் பேச்சு பதிவாகிறது என்பதை நான் மறந்தாலும் நீ மறக்காதே. நான் எதையாவது கேட்க ஆரம்பித்தால், "அம்மா, சாம்பார் வெச்சியா?" என்று கேள். எனக்குப் புரியும். தாயும் மகனும் பேசுவதற்குக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, ஒட்டுக் கேட்கவும் செய்கிறார்கள். அதற்குப் பெயர் பாதுகாப்பாம்.

ஒரே ஒரு விஷயத்தில் நீ வாயை மூடக் கூடாது. உன் இழுப்பு. சின்ன வயதில் கிரிக்கெட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று பயந்து, நெஞ்சு விசில் அடிப்பதை மறைத்துக்கொண்டு படுத்திருப்பாய். போர்வையை விலக்கிப் பார்த்தால் உதடு நீலமாக இருக்கும். அந்த அறையில் குளிர் எப்போதும் ஒரே மாதிரி அடிக்கிறது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அந்த உதடுதான் கண்ணில் நிற்கிறது. உன் இன்ஹேலரை எடுத்து வைத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை என்றால் அது அலட்சியம் இல்லை, குற்றம். மருத்துவம் உன் உரிமை, அவர்கள் தரும் தானம் அல்ல. வாயால் மட்டும் கேட்காதே, எழுதியும் கொடு. ஒரு நகலை வைத்துக்கொள். பதில் வராவிட்டால் மறுநாளும் எழுது. மூச்சு வாங்கினால் காத்திருக்காதே, சத்தம் போடு. கூச்சப்படாதே. தொந்தரவு பிடித்தவன் என்று பெயர் வாங்கு. நல்ல பையன் என்று பெயர் வாங்கித்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

உனக்கு ஐந்து வயதில் நடந்தது ஒன்று சொல்கிறேன். உனக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. மயிலாப்பூரில் அறுபத்து மூவர் உற்சவம். மாட வீதியில் நகர இடமில்லை. கிளம்பும்போதே உனக்குச் சொல்லியிருந்தேன். தொலைந்துபோனால் அழாதே, ஓடாதே, நின்ற இடத்தில் நின்று என் ஃபோன் நம்பரைச் சொல், வேறு எதுவும் பேசாதே. நீர்மோர்ப் பந்தல் பக்கம் என் கையிலிருந்து உன் கை நழுவியது. நான் பைத்தியம் பிடித்தவள் போல உன் பெயரைக் கத்திக்கொண்டு சுற்றினேன். என் ஃபோன் அடித்தது. காவல் உதவி மையத்திலிருந்து. போய்ப் பார்த்தால் நீ ஒரு பெரிய நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்திருக்கிறாய். அங்கே இருந்த ஏட்டு என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உன் புள்ளயாம்மா? இன்னா பேருடான்னா நம்பர சொல்றான். அப்பன் பேரு இன்னாடான்னா நம்பர சொல்றான். பசிக்குதா, இன்னா துன்றேன்னு கேட்டேன், அதுக்கும் நம்பர்தான். நானும் மொறச்சுப் பாத்தேன், கொஞ்சியும் பாத்தேன். அசையலயே. வூட்டுக்குப் போயி சுத்திப் போடும்மா."

ஐந்து வயதில் உனக்கு அது தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடமும் நாங்களுமாகச் சேர்ந்து உன்னை நல்ல பையனாக்கி, அதை மறக்க வைத்தோம். உன்னிடமிருந்து ஃபோனை வாங்கி வைத்துவிட்டார்கள், அதிலிருந்த நம்பர்களும் அதோடு போயின. வழக்கறிஞரின் நம்பரை மனப்பாடம் செய். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை சொல்லிப் பார்.

உனக்கு இரண்டு வழி இருக்கிறது என்று வழக்கறிஞர் சொன்னார். உள்ளே இருந்தபடி வழக்கை நடத்தலாம், எவ்வளவு காலம் என்று அவராலும் சொல்ல முடியாது. அல்லது, நீதிபதி முன்னால், அவர் விளைவுகளையெல்லாம் விளக்கிய பிறகு, மறுபடி அங்கே போகும் கதவு முழுவதும் சாத்திவிடாதபடி, நீயாகவே நாடு திரும்ப அனுமதி கேட்கலாம். எதுவானாலும் நீ முடிவு செய்ய வேண்டும். முதல் அழைப்பில் "வந்துரு" என்றவள் நான். இப்போதும் எனக்கு அந்த ஒரு சொல்தான் தொண்டையில் நிற்கிறது. உன் அறையைப் பெருக்கி, படுக்கை விரிப்பை மாற்றி வைத்திருக்கிறேன். ஆனாலும் அடுத்த அழைப்பில் அந்தச் சொல்லை நான் சொல்ல மாட்டேன். அம்மா அழுதாள் என்பதற்காக யாரும் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

அன்று கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு நான் உன்னிடம் வந்துவிட்டேன். இப்போது வர முடியாது. எனக்கு விசா தர மாட்டார்கள், தந்தாலும் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நிறுத்துவார்கள். அதனால் நின்ற இடத்தில் நில். அழ வேண்டுமென்றால் அழு, ஐந்து வயதில் தடுத்ததை இப்போது தடுக்க மாட்டேன். ஓடாதே. எந்த அதிகாரி முறைத்தாலும் கொஞ்சினாலும், கேட்டதற்கு மேல் சொல்லாதே. அன்று நீ அந்த ஏட்டிடம் சொன்ன அதே நம்பரைத்தான் நான் இன்னும் வைத்திருக்கிறேன். அடித்தால் எடுப்பேன்.

அம்மா